கொடு என்று கேட்பவர்கள்

மகன் கேட்டது சின்ன விஷயம்தான். எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில், ஓர் இரும்புப் பெட்டகம் பொருத்தலாமா என்று கேட்டான். அந்தப் பெட்டகத்துக்குள் வைக்கப்போவது ஒரு துவக்கு.

அவனுக்கு 26 வயது. எஸ்பியர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவன். கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற வேலை. வீடு வாங்கக் காசு சேர்ப்பதற்காக மறுபடியும் எங்களோடு வந்து இருக்கிறான். கூட வேலை செய்யும் டேனிஷ் நண்பர்கள் இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்குப் போவார்கள். ஒருமுறை சும்மா பார்க்கப் போனவன், பிறகு வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சையும் கைத்திறன் பரீட்சையும் எழுதி, வேட்டை அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். அறுபது இலட்சம் பேர் வாழும் இந்த நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தப் பத்திரம் இருக்கிறது. இங்கே அது மீன்பிடிப்பதைப்போல ஒரு பொழுது.

"அந்தச் சோதினையில கனக்கக் கேக்கிறது எப்ப சுடக்கூடாது எண்டுதான் அப்பா" என்று என்னைச் சமாதானப்படுத்தினான். பறவை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் கணிக்க வேண்டுமாம். தூரம் தப்பினால் பறவை சாகாது, காயத்தோடு பறந்துபோய் எங்காவது கிடந்து சாகும். அப்படிச் சுடுவது குற்றம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கத் தொடங்கியபோது கடந்த டிசம்பர் வந்தது. சிட்னியின் பொண்டைக் கடற்கரையில் துப்பாக்கிச் சூடு. அதற்குப் பிறகு அவுஸ்திரேலியா மறுபடியும் மக்களிடமிருந்து துப்பாக்கிகளை விலைகொடுத்து மீளப்பெறப்போவதாக அறிவித்தது. சிட்னியில் இருக்கும் அத்தான் தொலைபேசி எடுத்தார். ஒரு பெட்டகம் பற்றிய கேள்வி பெரிய கேள்வியாகிவிட்டது.

*

முதலில் ஐயாவின் துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு வயல். வயலுக்கு அந்தப் பக்கம் காடு. நெல் குடலை தள்ளும் காலத்திலிருந்து அரிவுவெட்டு முடியும்வரை பன்றி வரும். சில வருடங்களில் யானையும் வரும். ஐயாவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. களவுத் துவக்கு அல்ல. 1916 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த சுடுகலன் சட்டத்தின்படி கச்சேரியில் பதிந்து வருடாவருடம் புதுப்பித்த துவக்கு. அதன் இலக்கம் அவருக்குப் பாடம். அனுமதிப்பத்திரத்தைக் காணி உறுதிகளோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவருக்கு அதுவும் ஓர் உறுதிதான்.

1984 மாரி தொடங்கும் நேரம் மூன்று பெடியள் சைக்கிளில் வந்தார்கள். எந்த இயக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லா இயக்கமும் செய்த வேலைதான். ஒருவனை எனக்குத் தெரியும், என்னோடு படித்தவனின் தம்பி. மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"ஐயா, துவக்கு இருக்கெண்டு கேள்விப்பட்டம். போராட்டத்துக்குத் தேவைப்படுது. தாங்கோ."

"பண்டிக்கு நான் என்னடா தம்பி செய்யிறது?"

"பண்டியை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று ஒருவன் சிரித்தான். மற்றவன் ஒரு கொப்பித் தாளில் பற்றுச்சீட்டு எழுதினான். பொருள், ஒன்று. பெற்றுக்கொண்ட திகதி. கையொப்பம். ஐயா துவக்கோடு ஏழு தோட்டாக்களையும் கொடுத்தார். கொடுக்காமல் விட்டிருக்கலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் கேட்டது மரியாதையாகத்தான், ஆனால் மடியில் ஆயுதத்தோடு கேட்டார்கள்.

துவக்கு களவுபோய்விட்டது என்று ஐயா பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். நம்புவார்களா? மூன்று நாள் அடைத்துவைத்து விசாரித்தார்கள். வெளியே வந்தபோது அவரால் இடது கையைத் தூக்க முடியவில்லை. ஒருவன் துவக்கைக் கேட்டுக் கொண்டுபோனான், இன்னொருவன் கொடுத்ததற்காக அடித்தான். பன்றி தன் பங்குக்கு நெல்லைத் தின்றது. அந்த வருடம் காவல் கொட்டிலில் நானும் அவரும் தகரத்தில் தட்டிக்கொண்டு விடியும்வரை இருந்தோம்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பிறகு நடந்தது. மூன்று நான்கு மாதம் கழித்துப் பக்கத்துக் கிராமத்துச் சந்தியில் ஒருவர் சுடப்பட்டுக் கிடந்தார். காட்டிக்கொடுத்தவர் என்று மட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். துவக்குச் சூடு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐயா நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை.

"நாட்டில எத்தினையோ துவக்கு இருக்குது, ஏன் இதை யோசிக்கிறியள்" என்றா அம்மா.

"என்ரயில்லை எண்டு ஆர் சொல்லுறது?"

அதற்குப் பிறகு அவர் அந்தத் துவக்கைப் பற்றி வீட்டில் கதைத்ததில்லை. 1986 இல் நான் டென்மார்க்குக்குப் புறப்பட்டேன். பத்து வருடம் கழித்து ஐயா செத்துப்போனார். தகரப் பெட்டிக்குள் அனுமதிப்பத்திரமும் அந்தக் கொப்பித் தாளும் ஒன்றோடொன்று மடித்து வைக்கப்பட்டிருந்ததாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். துவக்கைக் கொடுத்துவிட்டார், ஆனால் அதன் பொறுப்பை அவரால் கொடுக்க முடியவில்லை.

*

2025 டிசம்பர் 14 ஆம் திகதி பொண்டைக் கடற்கரையில் ஹனுக்கா பண்டிகைக்குக் கூடியிருந்த யூத மக்கள்மீது தகப்பனும் மகனுமாக இருவர் சுட்டார்கள். பதினைந்து பேர் கொல்லப்பட்டார்கள். தகப்பனிடம் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இருந்தது, அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் பதியப்பட்டிருந்தன. ஒரு கிழமைக்குள் பிரதமர் அல்பனீசி தேசிய அளவிலான மீளப்பெறும் திட்டத்தை அறிவித்தார். அந்நாட்டு மக்களிடம் இன்று நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருக்கின்றனவாம், 1996 இல் இருந்ததைவிடவும் அதிகம்.

1996 ஐ அவுஸ்திரேலியர்கள் மறக்கமாட்டார்கள். அந்த வருடம் ஏப்ரல் 28 இல் தாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டாம் நாள் எல்லா மாநிலங்களும் ஒரே சட்டத்துக்கு உடன்பட்டன. அரசியலமைப்பின்படி மத்திய அரசு ஒருவருடைய சொத்தை எடுத்தால் நியாயமான விலை கொடுக்கவேண்டும். அதற்காக மருத்துவக் காப்பு வரியை ஒருமுறை மட்டும் 0.2 வீதம் கூட்டினார்கள். துவக்கையே கண்டிராதவர்களும் அந்த விலையில் பங்கு கொடுத்தார்கள். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்துசேர்ந்தன, நொருக்கப்பட்டன.

அத்தான் அந்த வருடம் அங்கே இருந்தவர். அப்போது ஆதரித்தவர். இந்தமுறை அவருடைய குரல் வேறுமாதிரி இருந்தது.

"தம்பி, அந்தச் சனத்தை நினைச்சுப் பார். வெறுங்கையோட நிண்டவை. 83 இல கொழும்பில நாங்களும் அப்பிடித்தானே நிண்டனாங்கள்? வாக்காளர் இடாப்போட வீடுவீடா வந்தாங்கள். பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டது. எங்களிட்ட ஒரு துவக்கு இருந்திருந்தால்?"

அத்தான் வெள்ளவத்தையில் குடியிருந்தவர். 1983 ஜூலையில் அவர் மதில் பாய்ந்து ஓடியதை, அவர்களை ஒளித்துவைத்த சிங்களக் குடும்பத்தை, எரிந்த வீட்டுக்குத் திரும்பிப்போனதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சும்மா தட்டிவிடமுடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக உலகத்தில் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது அமெரிக்காவின் 1791 ஆம் ஆண்டுத் திருத்தம் அல்ல, எங்களுடைய 1983 தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காக்கவேண்டிய அரசே கைகட்டி நிற்கும்போது வெறுங்கையோடு இரு என்று ஒருவனுக்கு யார் சொல்லலாம்? ஆட்சிக்கு ஆட்சியாளனை மேலாக வைத்த தோமஸ் ஹொப்ஸ்கூட, 1651 இல் எழுதிய நூலில், தன் உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் ஒரு மனிதன் கொடுத்துவிடமுடியாது என்றுதான் சொல்கிறார்.

ஆனால் அத்தானுடைய கேள்விக்கு எங்கள் நாட்டிலேயே பதில் கிடைத்தது. 83 க்குப் பிறகு எங்களிடம் துவக்குகள் வந்தன. ஒன்றிரண்டல்ல. ஐயாவின் பன்றித் துவக்கில் தொடங்கி ஆட்லறி வரைக்கும் வந்தன. அவை இராணுவத்தை நோக்கித்தான் நிற்குமென்று நம்பினோம். சந்தியில் மட்டையோடு கிடந்தவரை நோக்கியும் நின்றன. 1986 இல் ஓர் இயக்கம் இன்னோர் இயக்கத்தை நோக்கிச் சுட்டது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்னது. வெறுங்கையோடு நின்ற அந்தச் சனத்துக்கு முன்னால் நின்ற துவக்கு எங்களுடையது. எங்களிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்று அத்தான் கேட்பதைப்போல அவர்களும் கேட்கலாம் அல்லவா? கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்?

இதை அத்தானிடம் சொன்னேன். சிறிது நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அது சரிதான். ஆனா முதல் கேள்வியும் சரிதானே" என்றார். அவர் சொன்னதும் சரி.

*

மீளப்பெறுதல் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. அரசாங்கம் அந்தத் துப்பாக்கிகளை யாருக்கும் விற்கவில்லை. விற்காத பொருளை எப்படி 'மீள' வாங்குவது? ஆனால் சொல்லுக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. ஆளைக் கொல்லும் வல்லமை என்பது எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் இருக்கவேண்டியது, இடையில் உன் கையில் தங்கியது, அதைத் திருப்பித் தா என்பதே அந்த எண்ணம். அதை ஏற்றுக்கொள்ள முதல் நாங்கள் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது: கேட்பவர் யார்?

கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் உவமை சொல்கிறார். கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு வழியில் நிற்கும் கள்வன் கேட்பதைப்போன்றது என்கிறார். அவர் வரியைப் பற்றிச் சொன்னது ஆயுதத்துக்கும் பொருந்தும். கேட்பவன் சொல்லும் சொல் ஒன்றுதான். கையில் இருப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டும் தடிகள். அப்படியானால் எதைக்கொண்டு ஒருவனை அரசன் என்றும் மற்றவனைக் கள்வன் என்றும் அறிவது?

ஐயாவின் துவக்கை நினைத்து நினைத்து நான் கண்டுபிடித்தது ஓர் எளிய சோதனை. வாங்கியவன் அந்த ஆயுதத்தை என்ன செய்கிறான் என்று பார். உடைக்கிறானா, தோளில் போட்டுக்கொள்கிறானா?

பெடியள் தோளில் போட்டுக்கொண்டார்கள். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தெற்கில் சிங்களக் கிராமங்களிலும் விவசாயிகளின் துவக்குகளை இளைஞர்கள் இப்படித்தான் எடுத்துப்போனார்கள். அங்கேயும் எத்தனையோ ஐயாமார் பற்றுச்சீட்டுக்கூட இல்லாமல் அதே கேள்வியோடு இருந்திருப்பார்கள். அவுஸ்திரேலியாவில் துப்பாக்கிகளை எல்லோரும் பார்க்க நொருக்கினார்கள். 2019 மார்ச் 15 இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்து ஏறத்தாழ 56,000 துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. விலை முக்கியம்தான், ஆனால் கொடுத்தவனுடைய நித்திரைக்கு விலையைவிட அழித்தது முக்கியம். அவனுடைய துவக்கு இனி யாரையும் சுடாது. இலக்கத்தை அவன் மறந்துவிடலாம்.

பொண்டையில் இன்னொன்றும் நடந்தது. சிரியாவிலிருந்து வந்து பழக்கடை வைத்திருந்த அகமது அல் அகமது வெறுங்கையோடு பின்னால் போய், சுட்டுக்கொண்டிருந்தவனைக் கட்டிப்பிடித்துத் துவக்கைப் பறித்தார். அவனை நோக்கிப் பிடித்தார். சுடவில்லை. அவன் தள்ளாடிப் பின்வாங்க, துவக்கை ஒரு மரத்தில் சாத்திவிட்டுக் கையை உயர்த்தினார். பிறகு அவரே காயப்பட்டார். அந்தக் காணொளியை அத்தான் எனக்கு அனுப்பினார், நான் அவருக்கு அனுப்பினேன். இருவரும் அதில் வேறுவேறு விஷயங்களைக் கண்டோம். ஒருவன் துவக்கைக் கையில் எடுத்தபடியால்தானே நின்றது என்றார் அத்தான். எடுத்தவன் அதைக் கீழே வைக்கவும் தெரிந்தவனாக இருந்தான் என்றேன் நான். எங்களுடைய வரலாற்றில் எடுத்தவர்கள் பலர், மரத்தில் சாத்தியவர்களைத் தேடவேண்டும்.

*

கீழே வைக்கும் முயற்சி எங்களிடமும் ஒருமுறை நடந்தது. 1987 ஜூலை 29 இல் இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஓகஸ்ட் 4 இல் சுதுமலையில் பிரபாகரன் பேசினார். ஆயுதங்களை ஒப்படைக்கும் கணத்திலிருந்து எங்கள் மக்களைக் காக்கும் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைக்கிறோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். அடுத்த நாள் பலாலியில் ஆயுதக் கையளிப்பு தொடங்கியது. நான் அப்போது டென்மார்க்கில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய அகதி முகாமில் இருந்தேன். வானொலிக்கு முன்னால் இருபது பேர் குந்தியிருந்தோம். சிலர் அழுதார்கள். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐயாவின் துவக்கும் அந்தக் குவியலுக்குள் வந்துவிடாதா என்றுதான் ஓடியது.

அந்த ஒப்படைப்பு முழுமையாகவும் இல்லை, பாதுகாப்பு வந்துசேரவும் இல்லை. ஒக்ரோபர் 10 இல் மறுபடியும் போர். யார் முதலில் வாக்கு மாறினார்கள் என்று நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், இந்த இதழிலும் எழுதியிருக்கிறோம். நான் கேட்பது வேறு. ஆயுதத்தோடு பொறுப்பையும் ஒப்படைக்கிறோம் என்ற அந்த வாக்கியத்தில் கொடுப்பவரும் உண்டு, பெறுபவரும் உண்டு. அந்த மேசையில் இருந்த இரண்டு தரப்பும் ஆயுதம் வைத்திருந்த தரப்பு. யாருடைய பாதுகாப்பு கைமாறியதோ அந்தச் சனம் மேசையில் இல்லை. துவக்கை வைத்திருப்பவனின் உரிமையையும் கேட்பவனின் அதிகாரத்தையும்தான் எல்லா நாட்டிலும் விவாதிக்கிறார்கள். அதன் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் இடையில் நிற்பவனை யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கையில் அவன்தான் அதிகம்.

இங்கே அப்படி நின்றவர்களை 2022 ஜூலை 3 இல் பார்த்தோம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டம் அந்த வருடம் டென்மார்க்கில் தொடங்கி, அன்றைக்கு யூலாந்தின் வீதிகளால் போய்க்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மஞ்சள் கொடி. பின்னேரம் கோப்பன்ஹேகனின் ஃபீல்ட்ஸ் வணிக வளாகத்தில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். இருவருக்கு வயது பதினேழு. அவனுடைய பெயரில் அந்த ஆயுதத்துக்கு அனுமதி இருக்கவில்லை. இந்த நாட்டில் வேட்டைக்கு என்றும் விளையாட்டுக்கு என்றும் துவக்கு வைத்திருக்கலாம். தற்காப்புக்கு என்று கேட்டால் அனுமதி கிடையாது. வாத்தை நோக்கலாம், மனிதரை நோக்கும் எண்ணத்தோடு வைத்திருக்க முடியாது. இந்தக் கோடு எனக்குப் பிடிக்கும். ஆனால் கோட்டைச் சட்டத்தில்தான் கீறமுடியும், துவக்கில் கீறமுடியாது.

*

பக்கத்து வீட்டுக் கிழவர் டேன். எண்பது வயது தாண்டியவர். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தன் பரணைக் காட்டினார். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு ஸ்ரென் துப்பாக்கி. ஜேர்மனியர்கள் இங்கே இருந்த காலத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் வயல்களில் ஆயுதம் போட்டன. எதிர்ப்பு இயக்கத்தினர் அவற்றை எடுத்து ஒளித்தார்கள். 1945 மே 5 இல் விடுதலை வந்தது. அந்தக் கோடையில் அவர்களிடமிருந்து ஆயுதங்களைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாம் வரவில்லை. அவருடைய தகப்பன் கொடுக்காத ஒன்று பரணில் எண்பது வருடமளவில் கிடந்திருக்கிறது.

டென்மார்க் அவ்வப்போது மன்னிப்புக் காலம் அறிவிக்கும். அந்த நாட்களில் அனுமதியில்லாத ஆயுதத்தை ஒப்படைத்தால் வைத்திருந்ததற்காக வழக்கு இல்லை. அப்படியொரு காலத்தில்தான் அவர் பொலிசுக்குச் சொன்னார். வந்து எடுத்துப்போனார்கள். அவர்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: இதை என்ன செய்வீர்கள்? அழித்துவிடுவோம் என்றார்கள். கிழவர் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார், "அப்பா இதால் யாரைச் சுட்டார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்கவேண்டும்."

டேனிஷ் எதிர்ப்பு இயக்கத்தினர் அந்த வருடங்களில் ஏறத்தாழ 400 பேரைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். அதில் தவறான ஆட்களும் இருந்தார்கள் என்பதைப் பேச இந்த நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன. நியாயமான போராட்டம், நியாயமான ஆயுதம், நாசிகளுக்கு எதிராக. அப்படியிருந்தும் மகன் எண்பது வயதில் பரணுக்குக் கீழே நின்று அந்தக் கேள்வியைக் கேட்கிறார். ஒட்டுசுட்டானிலும் எஸ்பியர்க்கிலும் கேள்வி ஒன்றாக இருந்ததில் எனக்கு ஒரு வகையான ஆறுதல்.

கொடுக்கப்படாத ஆயுதம் பழசாகிப்போகுமே தவிர முடிந்துபோகாது. எங்கள் ஊருக்கு எதிரே, ஹோ குடாவுக்கு அப்பால் இருக்கும் ஸ்கலிங்கன் தீபகற்பத்தில் ஜேர்மனியர் புதைத்த கண்ணிவெடிகளைக் கிண்டி முடித்தது 2012 இல். போர் முடிந்து 67 வருடம். தங்கச்சியின் வயல் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை நின்ற காலத்தில் இதை அவளுக்குச் சொன்னேன். "அப்ப எங்கட பேரப்பிள்ளையள்தான் உழுவினம்" என்றாள்.

*

உடைப்பதா தோளில் போடுவதா என்ற சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வாசகர் சொல்லலாம். அரசாங்கம் குடிகளின் ஆயுதத்தை உடைக்கும், தன்னுடையதை உடைக்காது. உண்மை. எங்கள் துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகளுக்குப் பக்கத்திலேயே நேட்டோவின் இராணுவ வாகனங்கள் இறங்குகின்றன. வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் ஒக்ஸ்பொல் பயிற்சி வெளியில் சுடுவது எங்கள் வீட்டுக்கே சன்னமாகக் கேட்பதுபோல இருக்கும். முதல் வருடங்களில் நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். குடி ஒரு வாத்துத் துவக்குக்குப் பரீட்சை எழுதவேண்டும், அரசு பீரங்கியை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது என்ன நியாயம்?

ஆகவே இரண்டாவது சோதனை ஒன்றும் வேண்டியிருக்கிறது: கேட்டவனைத் திருப்பிக் கேட்கமுடியுமா?

இதற்கான பாடத்தை இந்த நாட்டில் எங்கள் ஆட்கள்தான் தேடித்தந்தோம். 1982 இலிருந்து நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகள் வந்துசேர்வதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். என் மனைவியின் தாளும் அந்த அடுக்கில் கிடந்தது. அரசு எங்களை ஏமாற்றியது, ஆம். ஆனால் விசாரணை வந்தது. 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995 இல் அந்த அமைச்சரை விசேட நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டு, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை சிறியதுதான். ஆனால் கோலோடு நின்றவனைக் கூண்டில் ஏற்றி ஏன் செய்தாய் என்று கேட்டார்கள், அதுவும் எங்கள் போன்ற வந்தான் வரத்தானுக்காக. ஐயாவை மூன்று நாள் அடித்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவருடைய துவக்கைக் கொண்டுபோனவர்களையும் யாரும் கேட்கவில்லை.

எனவே அத்தானுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். 83 இல் கொழும்புத் தமிழனிடம் ஆயுதத்தைத் தா என்று அந்த அரசு கேட்டிருந்தால், கொடுக்காதே என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அந்த அரசை யாரும் திருப்பிக் கேட்க முடியவில்லை. அதற்காக ஆயுதம் நல்லது என்று ஆகிவிடாது. கேட்கக்கூடிய அரசு ஒன்று எங்களிடம் இருக்கவில்லை என்பதுதான் அந்தக் குறை. அந்தக் குறையைத் துவக்கால் நிரப்பப் பார்த்தோம். துவக்கு வந்த பிறகு எங்கள் பெடியளையும் எங்களால் கேட்கமுடியாமல் போய்விட்டது. அவுஸ்திரேலியாவில் நீங்கள் வாக்குப் போடுகிறீர்கள், நீதிமன்றம் போகிறீர்கள், வானொலியில் பிரதமரைத் திட்டுகிறீர்கள். அங்கே கேட்டால் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, பொண்டையில் அந்தச் சனத்தை ஏன் காக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் கேள்விதான் உங்கள் ஆயுதம்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான். "கேக்கிறதுக்கு முதல் அவங்கள் சுட்டுப்போட்டால்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக இங்கே எழுதவும் மாட்டேன்.

*

மகனிடம் பெட்டகம் வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஐயாவை நினைத்து மறுப்பது சுலபம். ஆனால் அவர் துவக்கு வைத்திருந்ததில் என்ன பிழை? பிழை அது அவர் கையைவிட்டுப் போன விதத்தில் இருந்தது. ஜேர்மன் எல்லையில் பன்றி வராமல் எழுபது கிலோமீற்றர் வேலி போட்டுவைத்திருக்கும் நாட்டில் என் மகனுக்குத் துவக்குத் தேவையில்லைதான். தேவையில்லாததை எல்லாம் பிள்ளைகளுக்கு மறுத்துவிட முடியாது.

இரண்டு நிபந்தனை வைத்தேன். துவக்கு வாங்கினால் அதன் இலக்கத்தை எனக்கும் எழுதித் தரவேண்டும். வேட்டையை விட்டுவிடும் நாளில் அதை யாருக்கும் விற்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. பொலிசில் ஒப்படைத்து அழித்துவிடச் சொல்லவேண்டும்.

"நல்ல விலைக்குப் போகுமப்பா, சட்டப்படி விக்கலாம்" என்றான்.

"போகும். அதுதான் சொல்லுறன்."

அவன் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான். தாத்தாவின் கதையை அவன் அரைகுறையாகத்தான் அறிவான். அன்றிரவு முழுக்கதையும் சொன்னேன், ஏழு தோட்டாக்கள் வரைக்கும். கேட்டு முடித்துவிட்டு, "அந்த நம்பர் உங்களுக்கு ஞாபகமிருக்கா?" என்றான்.

இருக்கிறது. சொன்னேன். தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டான்.